பெல்லில் பொறித்த பெயர்: தைவான் சாக்ஸபோனும் ‘தரம்’ என்கிற சொல்லும்



‘தரம்’ என்கிற சொல்லை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். கல்லூரிச் சேர்க்கையில், வேலை நேர்காணலில், இட ஒதுக்கீடு பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் அது நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். கேட்பதற்கு, அளந்து பார்த்துச் சொல்கிற சொல் போலத்தான் இருக்கும். ஆனால் பல நேரங்களில் அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டிருக்கும். இப்படிப்பட்ட தீர்ப்பு எப்படி உருவாகிறது, எப்போது மாறுகிறது, மாறினால் எந்த அளவுக்கு மாறுகிறது என்று புரிந்துகொள்ள, நமக்குக் கொஞ்சம் தூரத்தில் இருக்கிற ஒரு வரலாற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். தைவானில் செய்யப்பட்ட, விலை குறைந்த சாக்ஸபோன்களின் வரலாறு.

சாக்ஸபோனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, மாதா தேர்பவனி, சாவு வீடு என்று நம் ஊர்த் தெருக்களில் பேண்ட் செட் போகிறபோது அந்த வளைந்த பித்தளைக் கருவியைப் பார்த்தவர்கள்தான் நாம். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு ஆசைப்பட்டு, அதன் சாவிகளை மாற்றியமைத்துக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். 1994-ல் ‘டூயட்’ படம் வந்த பிறகு சாக்ஸபோன் என்ற பெயரே தெரியாத வீடு இல்லை என்றாகிவிட்டது. அப்படிப்பட்ட கருவியின் கதைக்குள் பிறப்பிடம், பெயர், உழைப்பு, மரியாதை எல்லாமே இருக்கின்றன.

வெளியே நிறுத்தப்பட்ட கருவி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று எந்த நாட்டு சாக்ஸபோன் உசத்தி என்று சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் சாக்ஸபோன் என்ற கருவியே தரமற்றது என்று ஒதுக்கப்பட்டது.

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் பாரிசில் பட்டறை வைத்து, 1846-ல் இந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ராணுவ பேண்டுகள் எடுத்துக்கொண்டன. சிம்பொனி இசைக்குழுக்கள் இதற்கு நிரந்தர இருக்கை கொடுக்கவே இல்லை. பாரிஸ் இசைக் கல்லூரியில் 1857-ல் சாக்ஸ் இதைக் கற்பிக்கத் தொடங்கினார். 1870-ல் அந்த வகுப்பு நின்றுபோனது. மறுபடி தொடங்கியது 1942-ல், மார்செல் ம்யூல் ஆசிரியராக வந்தபோது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல்லூரிக்குள் இந்தக் கருவிக்கு வகுப்பே இல்லை.

அந்த இடைவெளியில் சாக்ஸபோனுக்குக் குரல் கொடுத்தவர்கள் யார்? அமெரிக்காவின் கறுப்பின இசைஞர்கள். கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன். தனி மனிதனின் மூச்சும் அழுகையும் கோபமும் இந்தக் குழாய் வழியாக எப்படி வெளியே வரும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். இதனாலேயே இந்தக் கருவியை வெறுத்தவர்களும் இருந்தார்கள். 1938-ல் டுசெல்டார்ஃபில் நாஜிகள் ‘சீரழிந்த இசை’ என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் சுவரொட்டியில் இருந்தது சாக்ஸபோன் வாசிக்கும் ஒரு கறுப்பரின் கேலிச்சித்திரம். அவர் சட்டையில் யூதர்களின் நட்சத்திரம். தாங்கள் வெறுக்கிற இரண்டு மக்களையும் ஒரே படத்தில் அடக்குவதற்கு அவர்களுக்குக் கிடைத்த கருவி சாக்ஸபோன். பறை நமக்கு ஏன் முக்கியம் என்று தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

பாரிஸ் என்ற முத்திரை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ஒதுக்கப்பட்ட கருவிக்குள்ளேயே மேல் கீழ் அடுக்குகள் உருவாயின. உச்சியில் உட்கார்ந்தது பாரிசின் செல்மர் நிறுவனம். 1954-ல் அது வெளியிட்ட ‘மார்க் சிக்ஸ்’ மாடல் 1970-களின் நடுப்பகுதி வரை தயாரிப்பில் இருந்தது. ஜாஸ் வாசிப்பவர்களுக்கு அது வேதம் போல ஆனது. வரிசை எண் ஐந்து இலக்கத்தில் இருக்கிற பழைய கருவிகளுக்குத் தனி மவுசு. ஆறு இலக்கம் வந்துவிட்டால் விலை இறங்கும். போரில் சுட்ட பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கூடுகளை உருக்கிச் செய்ததால்தான் அந்த நாதம் வந்தது என்று ஒரு கதைகூட உலவியது. ஆதாரம் எதுவும் இல்லாத கதை. உலோகத்திலேயே ஒரு புனிதம் இருக்கிறது என்று நம்பினால் மனதுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் புனிதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் விற்ற பல மார்க் சிக்ஸ் கருவிகள் முழுமையாகப் பாரிசில் முடிக்கப்பட்டவை அல்ல. பாகங்கள் கப்பலில் வந்து, இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் ஊரில் பூட்டப்பட்டு, அங்கேயே பூவேலை பொறிக்கப்பட்டு, அங்கேயே பூச்சு பூசப்பட்டு விற்பனைக்குப் போயின. சில ரசிகர்கள் அமெரிக்காவில் பூட்டியதுதான் இன்னும் மேல் என்று வாதாடுவார்கள். ‘சுத்தமான பிறப்பு’ என்று எதைக் கொண்டாடினார்களோ, அதன் பிறப்பே இரண்டு கண்டங்களில் நடந்திருக்கிறது.

ஒரு பட்டறையில் செய்த கருவியை இன்னொரு பெயரில் விற்பதும் ஆசியாவில் தொடங்கிய பழக்கமல்ல. 1920-களில் அமெரிக்காவில் சாக்ஸபோன் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில் கான், புஷர், மார்ட்டின் போன்ற பெரிய கம்பெனிகளே, கடைக்காரர்கள் கேட்ட பெயரைப் பெல்லில் பொறித்து ஆயிரக்கணக்கில் கொடுத்தன. ‘ஸ்டென்சில்’ கருவி என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் கம்பெனி செய்தபோது அது வியாபார முறை. பிறகு அதையே தைவான் பட்டறைகள் செய்தபோது அது ‘பேர் தெரியாத சரக்கு’ ஆனது.

ஹௌலி என்கிற ஊர்

தைவானின் நடுப்பகுதியில், தைச்சுங் நகரத்தைச் சேர்ந்த வட்டாரம் ஹௌலி. அடிப்படையில் விவசாய ஊர். சாங் லியென்-செங் என்ற மனிதர் அந்த ஊர்க்காரர். ஓவியம் தெரிந்தவர், இசைப் பித்து உள்ளவர். தைவான் 1895-லிருந்து 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்தது. வெளிநாட்டு சாக்ஸபோன் என்பது சாதாரண ஆளுக்கு எட்டாத விலை. நண்பர்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் ஒருவருடைய சாக்ஸபோன் தீயில் சேதமானது. சாங் அதை வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்தார், ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டார், அதே மாதிரி செய்து பார்த்தார் என்பது அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. 1940-களின் இரண்டாம் பாதியில், பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, தைவானின் முதல் சாக்ஸபோன் அவர் கையில் உருவானது.

ஒரு சாக்ஸபோனில் சில நூறு பாகங்கள் இருக்கின்றன. பித்தளைத் தகட்டை வெட்டி, உருட்டி, பற்றவைத்து, தட்டித் தட்டிக் கூம்பாக்க வேண்டும். துளைகளின் விளிம்பை உடம்பிலிருந்தே இழுத்து எழுப்ப வேண்டும். சாவிகள், தண்டுகள், ஊசி மாதிரியான சுருள்வில்கள், தோல் பேடுகள் எல்லாம் ஒரு முடியளவுகூடப் பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு பேட் சரியாக மூடாவிட்டால் காற்று கசியும், கீழ் சுரங்கள் வராது. எந்திரப் பள்ளியும் வரைபடமும் இல்லாத ஓர் ஊரில், கருகிப்போன ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் இதைக் கற்றுக்கொண்டார் என்றால் அது என்ன அறிவு என்று யோசித்துப் பாருங்கள். நம் சமூகத்தில் கைவேலை தெரிந்தவரை ‘படிக்காதவர்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அறிவு புதைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஹௌலி ஒரு சாட்சி.

சாங்கிடம் வேலை கற்றவர்கள் தனித்தனியாகப் பட்டறை போட்டார்கள். ஒரு வீட்டில் கழுத்துக் குழாய், இன்னொரு வீட்டில் சாவிகள், மற்றொரு இடத்தில் மெருகேற்றுவது என்று ஊர் முழுக்க வேலை பரவியது. 1970-கள், 80-களில் ஏற்றுமதி உச்சத்துக்குப் போனது. ஒரு கட்டத்தில் உலகத்தில் விற்ற சாக்ஸபோன்களில் மூன்றில் ஒன்று ஹௌலியிலிருந்து போனது என்பது அந்த ஊரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கணக்கு.

இவ்வளவு செய்தும், உலகத்துக்கு ஹௌலி என்ற பெயர் தெரியாது. ஏனென்றால் அந்தக் கருவிகளின் பெல்லில் இருந்தவை வேறு பெயர்கள். ஐரோப்பா, அமெரிக்காவில் இருந்த வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பார்கள், தங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்வார்கள். உழைப்பு இங்கே, பெயர் அங்கே. லாபத்தின் பெரும்பகுதி பெயரோடு போகும்.

ஏளனமும் அதில் இருந்த உண்மையும்

வெளிநாட்டுக் கலைஞர்கள் மத்தியில் ‘தைவான் சாக்ஸ்’ என்பது பல காலம் வசைச் சொல்லாகத்தான் இருந்தது. அந்த வசை முழுக்கப் பொய் என்று சொல்லி நாம் கடந்துபோகக் கூடாது. ஆரம்பக் காலக் கருவிகள் பலவற்றில் சாவிகளின் உலோகம் மென்மையாக இருந்தது, லேசாக அழுத்தினால் வளையும். பற்றவைத்த இடம் விட்டுப்போகும். சுருதி மேல் ஸ்தாயியில் ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று ஓடும். உதிரி பாகம் கிடைக்காது. ரிப்பேர்காரர்கள் கையில் வாங்கவே மறுப்பார்கள்.

ஆனால் அந்தக் குறைக்குக் காரணம் என்ன என்ற கேள்விதான் முக்கியம். வாங்குகிற வியாபாரி கேட்டது மலிவான கருவி. மலிவான விலைக்குள் மலிவான உலோகம்தான் அடங்கும். கடைசியாகச் சுருதி சரிபார்க்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்றால் அந்த வேலை நடக்காது. விலையை நிர்ணயித்தவரின் பெயர் குறையோடு சேர்க்கப்படவில்லை. செய்தவரின் நாடு மட்டும் சேர்க்கப்பட்டது. ‘அவர்களுக்கு இவ்வளவுதான் வரும்’ என்ற முடிவுக்கு உலகம் வந்தது. குறைந்த கூலி கொடுத்து, குறைந்த வாய்ப்பு கொடுத்து, பிறகு விளைவைப் பிறவிக் குணமாக ஆக்குகிற இந்தத் தர்க்கம் நமக்குப் புதியதா என்ன?

அப்போது கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். ஜப்பானுக்கும் இதேதான் நடந்தது. யானகிசாவா 1950-களின் தொடக்கத்திலேயே சாக்ஸபோன் செய்தது. யமஹா 1967-ல் இறங்கியது. தொடக்கத்தில் ‘ஜப்பான் சரக்கு’ என்றாலே சிரித்தவர்கள் இருந்தார்கள். பிறகு மேற்கு நாடுகளின் பள்ளிக்கூட பேண்டுகளில் யமஹாவே அடிப்படை அளவுகோலாக ஆனது. பிறவியில் வருகிற குறை என்றால் ஒரே தலைமுறையில் அது எப்படிப் போகும்?

இன்னொரு உதாரணம். 1950-ல் இங்கிலாந்தில் கிராஃப்டன் என்ற பெயரில் பிளாஸ்டிக் சாக்ஸபோன் வந்தது. விலை பித்தளைக் கருவியைவிட மிகக் குறைவு. பொம்மை என்று சொன்னார்கள். 1953 மே 15 அன்று டொராண்டோவின் மேசி ஹாலில் நடந்த கச்சேரியில் சார்லி பார்க்கர் வாசித்தது அந்தப் பிளாஸ்டிக் கருவியைத்தான். ஜாஸ் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் கச்சேரிகளில் அது ஒன்று. டெக்சாஸின் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஆர்னெட் கோல்மன், பித்தளைக் கருவி வாங்கப் பணமில்லாமல்தான் 1954-ல் பிளாஸ்டிக் சாக்ஸபோனை வாங்கினார். சில ஆண்டுகளில் அதை வைத்தே ஜாஸின் இலக்கணத்தைக் கலைத்துப் போட்டார். பார்க்கர் வாசித்த கிராஃப்டன் 1994-ல் ஏலத்துக்கு வந்தபோது 93,500 பவுண்டுக்குப் போனது. பொம்மை என்றவர்களுக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

மனம் எப்படி மாறியது?

1990-களில் ஹௌலிக்கு நெருக்கடி வந்தது. சீனாவில், குறிப்பாகத் தியான்ஜின் வட்டாரத்தில், இன்னும் குறைந்த விலைக்குக் கருவிகள் வரத் தொடங்கின. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வந்த வியாபாரிகள், அதைவிட மலிவு கிடைத்ததும் போய்விட்டார்கள். சில தைவான் கம்பெனிகளே தங்கள் வேலையைச் சீனாவுக்கு மாற்றின. பட்டறைகள் மூடப்பட்டன. மலிவாக இருப்பதை மட்டுமே நம்பி நிற்பவரைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள் என்று அந்த ஊர் கற்றுக்கொண்டது.

மிஞ்சியவர்கள் வேறு வழி எடுத்தார்கள். தரத்தை உயர்த்துவது, சொந்தப் பெயரில் விற்பது. 1930-ல் தொடங்கிய கே.எச்.எஸ். நிறுவனம் 1980-லிருந்தே ஜூப்பிட்டர் என்ற சொந்தப் பெயரில் பள்ளி மாணவர்களுக்கான கருவிகளை உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. 1996-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய கேனன்பால், தைவானில் செய்த கருவிகளைத் தன் ஊரில் மறுபடி சரிபார்த்துத் தொழில்முறைக் கலைஞர்களுக்கு விற்றது. 2000-களில் பி. மோரியா வந்தது. பழைய அமெரிக்கக் கருவிகளில் இருந்த, விளிம்பு சுருட்டிய துளைகள் போன்ற கைவிடப்பட்ட நுட்பங்களை மறுபடி கொண்டுவந்தது. தைவானின் அரசு சார்ந்த தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் பட்டறைகளுக்கு அளவீடு, சுருதிச் சோதனை ஆகியவற்றில் கைகொடுத்தது. தனி மனிதத் திறமையால் மட்டும் ஓர் ஊர் மேலே வந்துவிடாது, பொதுப் பணமும் பொது நிறுவனமும் வேண்டும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, வாசிப்பவர்களின் மனம் எப்படி மாறியது? யாரும் அறிவுரை சொல்லி மாறவில்லை. மூன்று காரணங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது விலை. புதிய செல்மர் தொழில்முறை டெனார் ஒன்றின் விலை இன்று 8,000 டாலரைத் தாண்டுகிறது. நல்ல நிலையில் உள்ள பழைய மார்க் சிக்ஸும் அதே உயரத்தில் இருக்கிறது. இசை வாசித்துப் பிழைக்கிற பெரும்பாலானவர்களின் வருமானத்துக்கு அது எட்டாது. தேவைதான் அவர்களைத் தைவான் கருவியை ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்கச் செய்தது.

இரண்டாவது, ரிப்பேர்காரர்களின் சாட்சி. பட்டறையில் கருவியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறவருக்கு விளம்பரம் தேவையில்லை. சாவி வளைகிறதா, தண்டு ஆடுகிறதா, துளை சமமாக இருக்கிறதா என்று கை சொல்லிவிடும். முன்பு வாங்க மறுத்த அதே ரிப்பேர்காரர்கள், இது நல்ல வேலை என்று சொல்லத் தொடங்கியபோது கலைஞர்கள் கேட்டார்கள்.

மூன்றாவது, மேடை. ஜேம்ஸ் கார்ட்டர், கிரெக் ஆஸ்பி போன்றவர்கள் பி. மோரியாவையும், ஜெரால்டு ஆல்பிரைட் கேனன்பாலையும் மேடையில் வாசித்தார்கள். இதில் வியாபார ஒப்பந்தமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பவர் காதுக்கு ஒப்பந்தம் கேட்காது, நாதம்தான் கேட்கும்.

பிரெஞ்சுப் பெயர் ஏன் தேவைப்பட்டது?

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். பி. மோரியா என்ற பெயர் பிரெஞ்சு இசைஞர் பால் மோரியாவை நினைவுபடுத்துவது. அதன் முத்திரையில் ‘பாரிஸ்’ என்ற சொல்லும் சேர்ந்தே இருந்தது. செய்தது தைவான். ஹௌலிக்காரர்களின் கைத்திறமை உலகத் தரத்துக்கு வந்த பிறகும், அதைச் சொந்த ஊர்ப் பெயரோடு சந்தையில் வைக்கத் துணிச்சல் வரவில்லை. தைவானின் இன்னொரு கம்பெனி தன் சாக்ஸபோனுக்கு ‘ஷாட்டோ’ என்று பெயர் வைத்தது. பிரெஞ்சு மொழியில் கோட்டை, மாளிகை என்று பொருள்.

இதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். வாடகைக்கு வீடு தேடும்போது ஊர்ப் பெயரைச் சொல்லி, சேரியின் பெயரைச் சொல்லாமல் விடுகிற நம் இளைஞர்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை மாற்றுகிறவர்களைத் தெரியும். பெற்ற பிள்ளைக்குச் சாதி தெரியாத மாதிரி பெயர் தேடி வைக்கிற பெற்றோரைத் தெரியும். அது கோழைத்தனம் இல்லை. வேலையைப் பார்த்து மதிப்பிடு என்று கேட்பதற்கு, முதலில் வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. பெயரை மறைப்பது அவமானப்பட்டவரின் குற்றம் அல்ல, பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவரின் குற்றம்.

அதே நேரம், மறைப்பதற்கு ஒரு விலை உண்டு. பாரிஸ் என்று பொறித்த கருவி நன்றாக வாசித்தால் அந்தப் பெருமை பாரிசின் கணக்கில்தான் சேரும். ஹௌலியின் கணக்கு பூஜ்யமாகவே இருக்கும். அதனால்தான், பின்னாளில் தைவான் கம்பெனிகள் ‘மேட் இன் தைவான்’ என்பதையே விளம்பரமாகச் சொல்லத் தொடங்கியது ஒரு பெரிய திருப்பம். இன்று வெளிநாட்டு விற்பனையாளர்கள் இது சீனக் கருவி அல்ல, தைவான் கருவி என்று உத்தரவாதம் போலச் சொல்கிறார்கள். ஹௌலியில் சாங் லியென்-செங் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பட்டறைக்குள் வந்து பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட ஊர்ப் பெயர் இன்று வாசலில் தொங்குகிறது.

ஏணி அப்படியேதான் இருக்கிறது

இங்கே கதையை முடித்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மேலே உள்ள ஒரு வாக்கியத்தை மறுபடி படியுங்கள். ‘இது சீனக் கருவி அல்ல.’

பிரான்சுக்கு ஜப்பான் கீழே. ஜப்பானுக்குத் தைவான் கீழே. தைவான் மேலே ஏறியபோது அது ஏணியை உடைக்கவில்லை. தான் நின்ற படியில் சீனத்தை நிறுத்திவிட்டு ஏறியது. ரிப்பேர்காரர்கள் மத்தியில் ‘இது கருவி அல்ல, கருவி மாதிரி இருக்கிற ஒரு பொருள்’ என்று ஒரு கிண்டல் உண்டு. இன்று அந்தக் கிண்டல் பெரும்பாலும் விலை குறைந்த சீனக் கருவிகளின் மேல் விழுகிறது. அவற்றில் மோசமானவை நிச்சயம் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் மேம்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. பெரிய மேற்கத்தியக் கம்பெனிகள் சிலவே தங்கள் கருவிகளை அங்கே செய்து வாங்குகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஹௌலியைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகளை இன்று தியான்ஜினைப் பற்றிச் சொல்கிறார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கர் ‘படிநிலைச் சமத்துவமின்மை’ என்று ஒரு கருத்தை நமக்குக் கொடுத்தார். எல்லோரும் ஒரே மாதிரி ஒடுக்கப்பட்டால் எல்லோரும் சேர்ந்து எழுவார்கள். ஆனால் ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே இழிவாகப் பார்க்க இன்னொருவர் கிடைத்துவிட்டால், மேலே இருப்பவரை எதிர்க்கிற கோபம் குறைந்துவிடுகிறது. ஏணி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது.

பிராண்டும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நம் வேதனையைச் சிறுமைப்படுத்துவதாகும். கருவிக்கு வலிக்காது. கருவியைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி அடிப்பதில்லை. தைவான்காரர் தரத்தை உயர்த்தியதும் சந்தை அவரை ஏற்றுக்கொண்டது. சாதி அப்படி ஏற்றுக்கொள்வதில்லை, எவ்வளவு உயர்ந்தாலும் பிறப்பைத் தேடி எடுத்து முன்னால் வைக்கும். இந்த வேறுபாடு மிக முக்கியம். ‘நீயும் உழைத்து மேலே வா, மரியாதை தானாக வரும்’ என்று நமக்குச் சொல்கிறவர்கள், பொருளுக்குப் பொருந்துகிற சந்தை விதியை மனிதனுக்குச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அளப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்கிற மனம்.

நமக்கு என்ன?

நம் ஊர் பேண்ட் செட்டுக்குத் திரும்பி வருவோம். அதில் வாசிக்கிறவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். அவர்கள் கையில் இருப்பது எட்டாயிரம் டாலர் கருவி இல்லை. கடன் வாங்கிய இரண்டாம் கைக் கருவி, அல்லது கிடைத்த மலிவான இறக்குமதி. வெயிலிலும் மழையிலும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். ரீட் தேய்ந்தாலும் உடனே மாற்ற முடியாது. பேட் கிழிந்தால் தாங்களே ஒட்டிக்கொள்வார்கள். சபா மேடையில் சாக்ஸபோன் வாசிப்பவர் வித்வான். தெருவில் அதே கருவியை வாசிப்பவர் ‘பேண்ட் செட்காரன்’. சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இடம் கடைசியில்தான் வரும். கருவி ஒன்றுதான். மாறுவது யார் கையில் இருக்கிறது என்பது.

ஆகவே மாணவத் தோழர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ‘தரம்’ என்ற சொல்லை யாராவது சொன்னால், எதை வைத்து அளந்தீர்கள், யார் அளந்தது, எப்போது அளந்தது என்று கேளுங்கள். ரிப்பேர்காரர் கருவியைப் பிரித்துப் பார்ப்பது போல அந்தச் சொல்லையும் பிரித்துப் பாருங்கள்.

இரண்டு, உங்கள் ஊரில் உள்ள பேண்ட் செட், பறை, நாகஸ்வரம், தவில் கலைஞர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கருவி எங்கே வாங்கினார்கள், என்ன விலை, யார் சொல்லிக் கொடுத்தது, எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். ஹௌலிக்கு அருங்காட்சியகம் வந்தது யாரோ அந்த நினைவைக் காப்பாற்றி வைத்ததால்தான். நம் கைகளின் அறிவை நாம் எழுதவில்லை என்றால் அது வேறு யாருடைய பெயரிலாவது பொறிக்கப்படும்.

மூன்று, இதுதான் கடினமானது. மேலே ஏறும்போது, நாம் நின்ற படியில் இன்னொருவரை நிறுத்திவிட்டு ஏறுகிறோமா என்று பாருங்கள். நமக்குள்ளேயே உட்சாதி பார்ப்பது, தூய்மைப் பணியாளரை நாமே தள்ளி வைப்பது, வட மாநிலத் தொழிலாளியை ‘வடக்கன்’ என்று கேலி செய்வது எல்லாம் அந்த ஏணியின் படிகள்தான். மேல் படி கிடைப்பது மட்டும் விடுதலை அல்ல. ஏணியே தேவைப்படாத தரையில் எல்லோரும் நிற்பதுதான் நாம் கேட்பது.